மாமாவின் பங்குக்கு வந்த கதிர்வீச்சு

ஒஸ்லோவில் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்கு மண் காயவைக்கிற வேலை. கல்யாணத் தரகரிடம் இதைச் சொல்லியிருந்தால் என் சாதகத்தைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார். நல்லவேளையாக, எனக்குப் பெண் தந்தவர் நான் இந்த வேலைக்குச் சேர்வதற்கு முன்பே தந்துவிட்டார். பிறகு விஷயம் தெரியவந்தபோது, மண்ணைக் காயவைத்து என்ன பயன், அது திரும்பவும் நனையும்தானே என்று மட்டும் கேட்டார். அவர்தான் மாமா, என் மனைவியின் தகப்பனார். இது அவருடைய கதை. இடையிடையே நான் குறுக்கே வந்து மறைப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். வீடோ பாலர் பள்ளியோ கட்டப்போகும் இடங்களிலிருந்து பைகளில் மண் வரும். தட்டில் பரப்பி, அடுப்பில் காயவைத்து, அரித்து, நிறுத்து, பிளாஸ்டிக் டப்பாவில் காற்றுப் போகாமல் அடைத்து, மூடியில் தேதி எழுதித் தட்டில் வைப்பேன். பிறகு ஏறக்குறைய ஒரு மாதம் சும்மா இருக்க வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் ரேடியம் ரேடான் என்ற வாயுவைப் பெறும். அந்த வாயு தன் பிள்ளைகளைப் பெறும். குடும்பம் முழுவதும் ஒரு நிதானத்துக்கு வரும் முன் எண்ணினால் கணக்குப் பிழைக்கும். உறை ஊற்றிய பாலைத் தயிராகும் முன் கிளறுவது போன்ற குற்றம் அது. மாதம் முடிந்ததும் டப்பாவை ஈயச் சுவருக்குள் இருக்கும் எண்ணும் கருவியில் வைத்தால், மண்ணில் ரேடியம் எவ்வளவு, தோரியம் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு என்று சொல்லிவிடும்.

கணினி அட்டவணையின் வேலை அதற்குப் பிறகுதான். இந்த மண்ணின் மேல் வாழும் ஒரு மனிதருக்கு வருடத்தில் எவ்வளவு கதிர்வீச்சு போய்ச் சேரும் என்பதை அது கணக்கிடும். அந்த அட்டவணைக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். ஒரு நாளில் ஐந்தில் நான்கு பங்கு வீட்டுக்குள்ளும் ஒரு பங்கு வெளியிலும் இருப்பார், வருடம் முழுவதும். ஒஸ்லோவின் ஜனவரியில் தினமும் ஐந்து மணித்தியாலம் வெளியே நிற்கிறவர் யார்? எனக்குத் தெரிந்து வீதியில் பனி தள்ளும் வாகனத்தின் சாரதி மட்டும்தான், அவரும் வாகனத்துக்குள்ளே சூடாகத்தான் இருக்கிறார். ஆனாலும் கணக்குக்கு ஓர் ஆள் வேண்டும். முகமில்லாத அந்த ஆளுடன் பல வருடம் வேலை செய்தும், நாங்கள் ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எங்கள் வீடு ரொம்சோஸ் மலைக்குக் கீழே வரிசை வீடுகளில் ஒன்று. அடியில் நிலவறை உண்டு. அதை இங்கே ஷெல்லர் என்பார்கள். மாமி காலமானபின் மாமாவைத் தனியே விடக்கூடாது என்று மனைவி அவரை வெஸ்ட்லியில் இருந்த அவர்கள் வீட்டிலிருந்து கூட்டிவந்தபோது, மேலே இருந்த என் அறையைத்தான் அவருக்கு ஒதுக்கினாள். அது நான் எழுத்தறை என்றும் மனைவி இஸ்திரி அறை என்றும் சொல்லும் அறை. மாமா ஒரு நாள் அதில் இருந்து பார்த்தார். அடுத்த நாள் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷெல்லருக்கு இறங்கிவிட்டார். கீழே அவருக்குக் குளியலறை இருந்தது. தொலைக்காட்சியை வேண்டிய அளவு சத்தமாக வைக்கலாம். முக்கியமாக, ஒரு சின்ன மின் அடுப்பு வைக்கலாம். அதில் கருவாடு பொரிக்கலாம்.

மேல்வீட்டில் கருவாட்டுக்குத் தடை. மணம் திரைச்சேலையில் ஏறுகிறது என்பது ஒரு காரணம். எனக்கு இரத்த அழுத்தம் என்பது மற்றக் காரணம். மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்ன நாளிலிருந்து என் மனைவி உப்பைப் பொன் நிறுப்பதுபோல நிறுக்கிறாள். ஆகவே இந்த வீட்டில் ஷெல்லர் ஒரு தனி நாடு. அதற்கு நான் அடிக்கடி விசா இல்லாமல் போய்வந்தேன். மாமா வாணலியில் துண்டைத் திருப்பிப் போடுவார், நான் படியில் காவல் இருப்பேன். இரண்டு பேரும் ஒரே தட்டில் தின்போம். மாமனும் மருமகனும் கதைக்கக் கூச்சப்படுகிற விஷயங்களையெல்லாம் வாய் நிறையக் கருவாட்டை வைத்துக்கொண்டு கதைத்துவிடலாம்.

இந்த இன்ப வாழ்வில் நான்தான் மண்ணை அள்ளிப் போட்டேன், மெய்யாகவே.

ஓர் இலையுதிர்காலத்தில் மனைவி பின்தோட்டத்தில் கறுப்புத் திராட்சைச் செடி ஒன்று வைக்கக் குழி தோண்டச் சொன்னாள். ஒரு முழம் தோண்டியதும் கறுத்த, ஏடு ஏடாகக் கழலும் கல் வந்தது. கையில் பென்சில் தூள்போல ஒட்டியது. வீடு கட்டிய காலத்தில் பள்ளத்தை நிரப்ப நகரின் வேறெங்கோவிருந்து கொண்டுவந்து கொட்டிய கல். இந்த ஊர் நிலவியல்காரர் பெயரைக் கேட்டாலே முகத்தை நீட்டும் கறுப்புப் பலகைக்கல் அது, யுரேனியம் கூடுதலாக இருக்கும் இனம். வேறு யாராக இருந்தாலும் செடியை நட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள். நான் பை எடுத்துவந்து மண் அள்ளினேன்.

ஆய்வுகூடத்தில் எனக்கு மேலதிகாரி ஒரு நோர்வேப் பெண்மணி. ஓய்வுக்கு இன்னும் சில வருடம் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறு கோப்பை கோப்பியும் அறுபது சொல்லும் அவருடைய அளவு. கருவி சும்மா நிற்கும் நேரத்தில் என் தோட்டத்து மண்ணை எண்ணலாமா என்று கேட்டேன். தலையாட்டினார், சொல் செலவழிக்கவில்லை. மாதம் கழித்து எண்ணிப் பார்த்தேன். ரேடியம் ஏறியிருந்த ஏற்றத்தைப் பார்த்து நான் விசிலடித்துவிட்டேன். அன்றைக்கு அவர் கூடுதலாக ஒரு சொல் செலவழித்தார். அதை இங்கே எழுத முடியாது.

அதை நான் எனக்குள் வைத்திருந்திருக்கலாம். ஆனால் இரவுச் சாப்பாட்டு மேசையில், புட்டுக்கும் கத்தரிக்காய்க் குழம்புக்கும் நடுவில், விரிவுரை தொடங்கிவிட்டேன். தோட்டத்து மண்ணில் நிற்பதால் பெரிதாக ஒன்றும் இல்லை, நேரே வரும் கதிர் சொற்பம்தான், ஆனால் அதே கல் வீட்டுக்கு அடியிலும் இருந்தால் ரேடான் நிலத்தின் வெடிப்புகளால் ஏறி ஷெல்லரில் வந்து தங்கும், மூச்சோடு நுரையீரலுக்குள் போகும், சுருட்டும் சிகரெட்டும் குடித்த நெஞ்சுக்கு அது இன்னும் கூடாது. இப்படிப் போனது என் பிரசங்கம். பதினைந்து வயது மகள் அப்பா ஸ்லாப் ஆவ் என்றாள். சும்மா அலட்டாதே என்பதற்கு இந்த ஊர்ப் பிள்ளைகளின் சொல் அது. நான் அடங்கவில்லை. கடைசி வசனத்தைச் சொல்லி முடித்தபிறகுதான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன்.

மாமா அகதியாக வந்த புதிதில் நோர்வேயின் வடக்கு முனையில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அங்கே குளிருக்கு இரண்டு மருந்து இருந்ததாம். ஒன்று வேலை, மற்றது சிகரெட். இரண்டையும் கணக்கில்லாமல் எடுத்தார். பிறகு விட்டுவிட்டார். ஆனால் போன வருடம் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், இந்த நுரையீரலை இனிமேல் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். என் மனைவி அந்த வசனத்தை மறக்கவில்லை.

அப்பா நாளைக்கே மேலே வாறார், இவரின்ரை அறைக்கு, என்றாள்.

மாமா புட்டைக் குழைப்பதை நிறுத்திவிட்டார். ஷெல்லர் போனால் அவருக்கு அந்த வீட்டில் சொந்தமாக இருந்த ஒரே இடம் போய்விடும். எனக்கும் இழப்புத்தான்: அறை ஒன்று, கருவாடு ஒன்று. ஆகவே விஞ்ஞானத்தின் பெயரால் நான் குறுக்கிட்டேன். அளக்காமல் ஆளை நகர்த்தக்கூடாது என்றேன். குளிர்காலத்தில் ஜன்னல் பூட்டியிருக்கும்போது இரண்டு மாதம் அளப்பதுதான் முறை, எல்லைக்கு மேலே வந்தால் நானே கட்டிலைத் தூக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மனைவி அரை மனதோடு சம்மதித்தாள். தன் சொந்த அறைக்காக வாதாடும் நிபுணனை நம்பலாமா என்று அவள் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

அளக்கும் சாமான் தபாலில் வந்தது. கறுப்புப் பிளாஸ்டிக்கில், தீப்பெட்டியிலும் கொஞ்சம் பெரிய இரண்டு பெட்டிகள். உள்ளே ஒரு துண்டுப் படலம் இருக்கும். ரேடான் அதில் கண்ணுக்குத் தெரியாத தழும்பு போடும். இரண்டு மாதம் கழித்துத் திருப்பி அனுப்பினால் தழும்பை எண்ணி அறிக்கை தருவார்கள். ஒன்றை மேலே வரவேற்பறைப் புத்தகத் தட்டில் வைத்தேன். மற்றதை எடுத்துக்கொண்டு ஷெல்லருக்கு இறங்கினேன். மாமா வாணலியோடு நின்றார்.

அங்கேயும் விரிவுரைதான். எனக்கு ஒரு ஆள் கிடைத்தால் போதும். சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன், ஏனென்றால் வழக்கில் இதுதான் சாட்சியம்.

"மண்ணிலை எவ்வளவு கிடக்கு எண்டதில்லை மாமா கேள்வி. மனுசனுக்கு எவ்வளவு போய்ச் சேருது எண்டதுதான். நீங்கள் எங்கை எவ்வளவு நேரம் இருக்கிறியள் எண்டதைப் பொறுத்துத்தான் எல்லாம்."

"அப்ப இது மனுசனுக்குப் போறதை அளக்கிற சாமான்."

"ஓம்" என்றேன். வாணலியில் துண்டு கருகிக்கொண்டிருந்தது. என் கவனம் அதில் இருந்தது.

பெட்டியை அவர் கையில் கொடுத்தேன். கூடவே ஒரு கொப்பியும் கொடுத்தேன். ஷெல்லரில் எத்தனை மணித்தியாலம், மேலே எத்தனை, வெளியே எத்தனை என்று தினமும் எழுதச் சொன்னேன். அட்டவணையில் இருக்கும் முகமில்லாத ஆளை எடுத்துவிட்டு மாமாவை வைத்துக் கணக்குப் பார்க்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை. எழுதுவதற்கு ஆய்வுகூடத்து விதியையும் சொல்லிக் கொடுத்தேன். பிழையாக எழுதினாலும் அழிக்கக்கூடாது, ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும், தாள் கிழிக்கவே கூடாது.

இரண்டு மாதம் போனது. மாமா பெட்டியைக் கொண்டுவந்து தந்தார், நான் இரண்டையும் உறையிலிட்டு அனுப்பினேன். பெப்ரவரியில் அறிக்கை வந்தது. மேல் வரவேற்பறை: எல்லைக்குள். ஷெல்லர்: அதிலும் குறைவு.

அன்றைக்கு நான் ஆடிய ஆட்டத்தை மகள் கைபேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறாள். நிலத்துக்குப் போட்ட கொங்கிரீட் அருமையானது, அந்தக்கால நோர்வே மேசன்மாரைக் கும்பிட வேண்டும் என்றெல்லாம் பேசினேன். மனைவி அறிக்கையை இரண்டு தரம் வாசித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவுக்குத் தோசை சுடப் போனாள். மாமா மட்டும் அமைதியாக இருந்தார். தன்னடக்கம் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் அறிக்கையை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் மேலதிகாரியிடம் காட்டினேன், தேர்ச்சிப் பத்திரம் காட்டுகிற பிள்ளைபோல. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வாயு நிலத்திலிருந்து வருவது, கீழ்த்தளம் எப்படி மேல்தளத்தை விடக் குறையும் என்று கேட்டார். நல்ல கொங்கிரீட் என்றேன். பெட்டி ஷெல்லரில் இருந்ததை நீ கண்டாயா என்றார். என் மாமா மிகப் பொறுப்பான மனிதர் என்றேன். நான் மாமாவைப் பற்றிக் கேட்கவில்லை, பெட்டியைப் பற்றிக் கேட்டேன் என்றுவிட்டுக் கோப்பிக்குப் போய்விட்டார்.

உண்மையில் நான் காணவில்லை. இரண்டு மாதமாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் அந்த அறையில் இருந்து தின்றிருக்கிறேன். தட்டில் சாமிப் படம் இருந்தது, கருவாட்டு டின் இருந்தது, தைலப் போத்தல் இருந்தது. பெட்டி இருந்ததா? வாழ்நாள் முழுக்க மண்ணை மில்லிகிராமில் நிறுத்தவன், வாணலியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

மாலையில் போய்க் கேட்டேன், பெட்டியை எங்கே வைத்திருந்தீர்கள் என்று. மாமா எழுந்து, படியேறி, வாசலில் தொங்கிய தன் குளிர்காலக் கோட்டைக் கொண்டுவந்தார். உட்பையைத் திறந்து காட்டினார்.

"இதுக்குள்ளைதான். ஒரு நாளும் விட்டிட்டுப் போகேல்லை. எங்கை போனாலும் காவிக்கொண்டு போனனான்."

மனிதனை அளக்கும் சாமான் மனிதனோடுதானே இருக்க வேண்டும். நான் படிப்பித்ததை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்த மாணவன் எனக்கு இதற்கு முன் கிடைத்ததில்லை. பெட்டி ஐந்தாம் இலக்க ரயிலில் போயிருக்கிறது. அம்மருட்டில் அவருடைய பழைய கூட்டாளி ஒருவரின் ஒன்பதாம் மாடி வீட்டில் முந்நூற்றுநாலு சீட்டு விளையாடியிருக்கிறது. கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கியிருக்கிறது. பல் மருத்துவரிடம் போயிருக்கிறது.

"இரவிலை, மாமா?"

"இரவிலை கோட்டைப் போட்டுக்கொண்டு படுக்கேலுமே தம்பி? அது வாசலிலை தொங்கும்."

அதாவது நோர்வே வழக்கப்படி கோட்டு வாசலில் தொங்கியது. கதவு திறக்கும்போதெல்லாம் மலைக்காற்று அதன்மேல் அடித்தது. பெட்டி அங்கே சுகமாக நித்திரை கொண்டது. மாமா ஒவ்வொரு இரவும் ஷெல்லரில், பெட்டி இல்லாமல், நித்திரை கொண்டார். அறிக்கை பொய்யில்லை. ஒரு கோட்டு அந்தக் குளிர்காலத்தில் எவ்வளவு ரேடான் கண்டது என்பதை மிகச் சரியாக அளந்திருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் இந்த விஷயம் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், அந்த இரண்டு பேருக்கும் ஷெல்லர் வேண்டும். மாமாவும் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். தனக்கு எழுபத்தெட்டு வயது, அந்த வாயு மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று நான்தானே சொன்னேன், அது தன்னிடம் வந்துசேரும்போது தான் இருக்க வேண்டுமே என்றார். கெஞ்சவில்லை. சீட்டை இறக்குவதுபோல மெல்ல இறக்கி வைத்தார். அந்தச் சீட்டை எடுக்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை. மேலே என் மேசை, என் கதிரை, கதவைச் சாத்தினால் என் உலகம். கீழே கருவாடு.

யோசித்துச் சொல்கிறேன் என்று கொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு மேலே வந்தேன்.

மாமாவின் கையெழுத்து தொழிற்சாலைப் பெட்டிகளில் எடை எழுதிப் பழகிய கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் தூரத்திலிருந்தே தெரியும். ஷெல்லர் பதின்மூன்று மணித்தியாலம், வெளியே நான்கரை, மீதி மேலே. அட்டவணை ஆளுக்கு அவர் கிட்டத்தட்டச் சகோதரர். ஜனவரியிலும் வெளியே திரிகிற ஒரு மனிதரை நான் என் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அப்படி ஒருவர் இல்லை என்று இத்தனை வருடம் பகிடி பண்ணியிருக்கிறேன். ஆனால் நான் கேட்காத ஒன்றையும் அவர் எழுதியிருந்தார். ஷெல்லருக்கு வந்துபோனவர்களின் நேரம். கணக்கு மனிதர்களுக்கென்று சொன்னால், வாற மனிதரையும் எழுதத்தானே வேண்டும்.

பேத்தி, இரண்டு மணித்தியாலம், கணக்குப் பாடம். பேத்தி, ஒன்றரை மணித்தியாலம், அழுதது. பேத்தி, இரண்டு மணித்தியாலம், சிரித்தது, காரணம் சொல்லவில்லை. கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும். நாங்கள் இரண்டு பேரும் வேலையால் வருவதற்கு முன் என் மகள் தன் அறையில் இருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

மாமாவின் எழுபத்தெட்டை வைத்து நான் என்ன வாதமும் செய்திருப்பேன். பதினைந்தை வைத்துச் செய்ய முடியாது. எழுபத்தெட்டையும், யோசித்துப் பார்த்தால், விட்டுக்கொடுக்க எனக்கு யார் உரிமை தந்தது? அட்டவணை ஆள் என்றால் ஒரு கட்டத்தை மாற்றிவிட்டுப் போகலாம். இவர் எனக்கு வாணலியில் பெரிய துண்டை ஒதுக்கி வைக்கிறவர்.

ஒரு சிக்கல் இருந்தது. அதே கொப்பியில் நானும் இருந்தேன். தம்பி, நாற்பது நிமிடம், கருவாடு. தம்பி, அரை மணித்தியாலம், கருவாடு, இரண்டு துண்டு.

திரும்பக் கீழே போய், மனைவியிடம் சொல்லத்தான் வேண்டும் என்றேன். மாமா கொஞ்ச நேரம் தொலைக்காட்சியைப் பார்த்தார். அது அணைந்திருந்தது.

"சொல்லுங்கோ. ஆனால் கொப்பியைக் காட்டாதேங்கோ. அதிலை உங்கடை வெள்ளிக்கிழமையும் கிடக்கு."

தன் அறை போகப்போகிற நேரத்தில் அந்த மனிதர் என் வெள்ளிக்கிழமைக்காகக் கவலைப்பட்டார். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறி. மனைவி விரதம் இருக்கும் நாள். அந்தத் தாளைக் கிழித்துவிடலாமா என்று நான்தான் கேட்டேன், கூச்சத்தோடு. மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். அளவெடுத்ததைக் கிழிக்கக்கூடாது என்று நான்தானே விதி சொன்னேன் என்றார்.

இரவு மேசையில் எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டு வாசலில் தொங்கியதை, நான் கவனமில்லாமல் 'ஓம்' சொன்னதை. கொப்பியையும் மேசையில் வைத்தேன். மனைவி கொப்பியை வாங்கி வாசிக்கத் தொடங்கினாள். மகளைப் பற்றிய வரிகளில் கொஞ்சம் நின்றாள், மகளைப் பார்த்தாள். பிறகு புரட்டினாள். கோயிலில் பதிகம் வாசிக்கும் அதே நிதானத்தில் உரக்க வாசித்தாள்.

"வெள்ளிக்கிழமை. தம்பி, நாற்பத்தைந்து நிமிடம். கருவாடு, மூண்டு துண்டு. சுறா."



"அப்பா, என்ன மீன் எண்டும் எழுத வேணுமே?"

"மருமோன் விவரமா எழுதச் சொன்னவர்" என்றார் மாமா.

மகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள், அது மூக்கால் வந்தது. மனைவி சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்தாள், பிறகு முடியாமல் எழுந்து சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கட்டிலை எப்ப தூக்கிறியள் என்று மட்டும் என்னைக் கேட்டாள். வாக்கு வாக்குத்தான். அன்றைக்கே தூக்கினேன்.

குளிர்காலம் இன்னும் மிச்சம் இருந்தபடியால் புதுப் பெட்டி ஒன்று எடுப்பித்து, இந்தமுறை ஷெல்லர்த் தட்டில் ஆணி அடித்து, நூலால் கட்டினேன். காலையும் மாலையும் போய்ப் பார்த்தேன். பூசைகூட இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. ஏப்ரலில் அவிழ்த்து அனுப்பினோம். வந்த அறிக்கையை இந்த முறை நான் ஆடாமல் வாசித்தேன். மண் சொன்னதைத்தான் அதுவும் சொன்னது. நடவடிக்கை எடுக்க வேண்டிய எல்லையைத் தாண்டி, நன்றாகத் தாண்டி.

கோடையில் இரண்டு வேலையாட்கள் வந்து ஷெல்லர் நிலத்தைத் துளைத்து, அடியில் குழாய் செருகி, வாயுவை வீட்டுக்குள் வரும் முன்பே உறிஞ்சிக் கூரைக்கு மேலே விடும் விசிறி பூட்டினார்கள். வெடிப்புகளை அடைத்தார்கள். அறைக்குக் காற்று வந்துபோகச் சுவரில் ஒரு துளையும் இட்டு, அதற்கும் சின்ன விசிறி வைத்தார்கள். ஆனால் அடுத்த குளிர்காலம் அளந்து, எண்ணைக் கண்ணால் கண்டபிறகுதான் அப்பா இறங்கலாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் யாரும் இப்போது என் கொங்கிரீட் விளக்கத்தை நம்புவதில்லை.

ஆகவே மாமா ஏறக்குறைய ஒரு வருடம் என் அறையில் இருந்தார். நான் சாப்பாட்டு மேசையின் மூலையில் எழுதினேன், குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில். ஒரு வாரம் மனவருத்தமாக இருந்தது. பிறகுதான் கவனித்தேன், மாமா அந்த அறையில் விருந்தாளிபோல இருந்தார். போர்வையை மடித்து வைத்தார். தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் பார்த்தார். என் புத்தகங்களைத் தொடாமல், கதிரையின் நுனியில் இருந்தார். கருவாடு வேண்டாம் என்றே சொல்லிவிட்டார். அந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குவது தெரிந்தது. நுரையீரலுக்கு நல்லதைச் செய்தோம், சந்தேகமில்லை. ஆனால் ஆளுக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று கேட்ட நான், ஆளிடமிருந்து எவ்வளவு போகிறது என்று கேட்டிருக்கவில்லை. அதை எண்ண எங்களிடம் கருவியும் இல்லை.

அதனால் பின்னேரங்களில் நானே என் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய் இருக்கத் தொடங்கினேன். சீட்டுக் கட்டு ஒன்று வாங்கினேன். எனக்கு முந்நூற்றுநாலு விளையாடத் தெரியாது என்பதை மாமா ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். பத்தாவது நிமிடத்தில் என்னைத் திட்டினார். திட்டும்போது குரல் பழையபடி ஷெல்லர்க் குரலாக இருந்தது. மகளும் தன் கணக்குப் பாடத்தோடு வந்து கட்டில் காலடியில் இருந்துகொள்வாள். மூன்று பேருக்கு அந்த அறையில் இடம் காணாது.

இந்தப் பெப்ரவரியில் அடுத்த அறிக்கை வந்தது. ஆணியில் கட்டிய பெட்டி, இரண்டு மாதம், அசையாமல். எல்லைக்குக் கீழே, தாராளமாகக் கீழே. மேலதிகாரியிடம் காட்டினேன். பெட்டியைக் கண்டாயா என்றார். கண்டேன், தினமும் இரண்டு தரம் என்றேன். நல்லது என்றார். அவருடைய கணக்கில் அது ஒரு சொற்பொழிவு.

சனிக்கிழமை காலை மாமாவின் கட்டிலைத் திரும்பவும் கீழே தூக்கினோம். மாமா சாமிப் படத்தை ஒரு கையிலும் வாணலியை மறு கையிலும் வைத்துக்கொண்டு முன்னே இறங்கினார். எதை முதலில் வைப்பார் என்று பார்த்தேன். இரண்டையும் ஒன்றாகத்தான் வைத்தார். மதியம் அவர் தலையை ஆட்டிச் சைகை காட்ட, நான் பழைய நினைவில் படியில் காவலுக்கு இருந்தேன். எண்ணெய் சூடானது. துண்டு விழுந்த சத்தம் கேட்டது.

சுவர்த்துளை வெளியே எங்கே திறக்கிறது என்பதை எங்கள் இரண்டு பேரில் ஒருவர்கூட யோசித்திருக்கவில்லை. அது சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே. சின்ன விசிறி தன் கடமையைச் செய்தது. அறையின் காற்று முழுவதையும், பாரைக் கருவாட்டு மணத்தோடு, நேரே என் மனைவியின் முகத்துக்கு அனுப்பியது.

மேலே ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. மாமா வாணலியைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"அப்பா" என்ற குரல் துளைவழியாக இறங்கி வந்தது. "எனக்கும் ஒரு துண்டு வையுங்கோ. இவருக்குச் சின்னனாப் போதும்."

அவள் படியிறங்கி வந்து, கட்டிலின் நுனியில் இருந்து, கையால் எடுத்துத் தின்றாள். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவள் கருவாடு தின்று நான் கண்டதில்லை. சின்ன வயதில் நல்லாச் சாப்பிடுவாள் என்று மாமா மெல்லச் சொன்னார்.

பின்னேரம் நான் போய்ப் பார்த்தபோது கொப்பி ஆணியில் நூல் கட்டித் தொங்கியது, பெட்டி இருந்த இடத்தில். இனி எழுதத் தேவையில்லை என்று அவருக்குச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டோம். அப்போதும் நான் சொல்லவில்லை. கடைசி வரியில் மை இன்னும் காயாமல் இருந்தது: சனிக்கிழமை. மகள், கால் மணித்தியாலம், இரண்டு துண்டு.